பெரு நாட்டுக் கடல் சுட்டால் காவிரி ஏன் காயுது?



2023-ல் எங்க தாத்தாவோட குறுவை கருகிப்போச்சு. எங்க ஊர் கடைமடை. ஜூன் 12-ல் மேட்டூர் அணையைத் திறந்தாங்க. ஆனா கர்நாடகாவில் மழை குறைந்ததால் எங்க வாய்க்காலுக்குத் தண்ணி வரல. "நம்ம நேரம்டா" என்றார் தாத்தா. புவியியல் சாரிடம் கேட்டேன். "பசிபிக் கடலைக் கேளு" என்று சிரித்தார். அதன்பின் நான் படித்ததுதான் இந்தக் கட்டுரை.

பசிபிக்கில் நிலநடுக்கோட்டை ஒட்டி, கிழக்கிலிருந்து மேற்காகக் காற்று வீசும். அது சூடான மேல்நீரை இந்தோனேசியா பக்கம் தள்ளும். அங்கே கடல்மட்டமே சுமார் அரை மீட்டர் உயர்ந்திருக்கும்! அந்தச் சூட்டில் காற்று மேலெழுந்து மழை கொட்டும். மறுகரையான பெருவில், அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வரும்.

செய்து பாருங்க: தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி ஓரத்திலிருந்து ஊதுங்க. தண்ணி எதிர்ப்பக்கம் ஒதுங்கும். நிறுத்தினா திரும்பி வரும்.

சில ஆண்டுகளில் அந்தக் காற்று பலமிழக்கும். சூடான நீர் கிழக்கே திரும்பி, பெரு கரையும் சூடாகும். இதுதான் எல் நினோ. மேலெழும் காற்றும் கூடவே கிழக்கே நகரும். நம் பக்கம் காற்று கீழிறங்கும். இறங்கும் காற்றில் மேகம் திரளாது. அதனால் தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் குறையும். 2023-ம் எல் நினோ ஆண்டுதான்!

இந்த உறவுக்கு முதல் தடயம் கிடைத்தது நம் நாட்டில். 1904 முதல் 1924 வரை இந்திய வானிலைத் துறையின் தலைவராக இருந்தவர் கில்பர்ட் வாக்கர். பசிபிக்கில் காற்றழுத்தம் கூடினால் இந்தியப் பெருங்கடலில் குறையும், அங்கே குறைந்தால் இங்கே கூடும், தராசுத் தட்டு மாதிரி என்று அவர் கண்டார்.

ஆனா ஒன்று. 1997-ல் பெரிய எல் நினோ வந்தும் இந்தியாவில் மழை பொய்க்கல. அந்த ஆண்டு இந்தியப் பெருங்கடலின் ஆப்பிரிக்கப் பக்கம் சூடாகவும், சுமத்ரா பக்கம் குளிர்ந்தும் இருந்தது. அது நம் மழைக்குக் கைகொடுத்தது. ஒரு கடல் கெடுத்ததை இன்னொரு கடல் சரிசெய்தது!

இன்னொரு வியப்பு: எல் நினோ ஆண்டுகளில் நம் வடகிழக்குப் பருவமழை பல முறை கூடுகிறது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை! இதற்கு எல் நினோ மட்டுமே காரணம் இல்லை என்றாலும், குறுவை காய்ந்த அதே ஆண்டு அது.

தாத்தாவிடம் எல்லாம் சொன்னேன். "இது முன்கூட்டியே தெரியுமா?" என்றார். "சில மாசம் முன்னாடியே தெரியும் தாத்தா."

"அப்ப அடுத்த தடவை சொல்லுடா. குறுவையை விட்டுட்டு சம்பா மட்டும் போடுறேன்."

இப்போ மாசம் ஒரு தடவை பசிபிக் செய்தி பார்க்கிறேன். நீங்களும் பாருங்க!

— 9ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்