தயங்கும் பொலிகாளை

பொலிகாளை வளர்ப்போர் கால்நடை வைத்தியரிடம் கொண்டுவரும் முறையீடுகளுள் மிகுந்த மனக்குறையோடு சொல்லப்படுவது ஒன்றுண்டு. "காளை பசுவை முகர்ந்து பார்க்கிறது, பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றுவிடுகிறது" என்பதே அது. அந்தியூர் ஆடிச் சந்தையிலோ, கண்ணபுரம் சித்திரைச் சந்தையிலோ பெருந்தொகை கொடுத்து வாங்கிய காங்கயம் காளை; அதனை நம்பி ஊரார் தம் பசுக்களை ஓட்டி வருகிறார்கள். ஒரு பசு ஒரு பருவம் தவறினால் அடுத்த பருவத்துக்கு 21 நாள் காத்திருக்க வேண்டும். மூன்று முறை தவறினால் இரண்டு மாதப் பால் போயிற்று. கன்றும் அவ்வளவு பின்தங்கிற்று. இந்நிலையில் சொந்தக்காரர் பொறுமையிழந்து, காளையை அடிமாட்டுக்கு விற்றுவிடலாமா, அல்லது காயடித்து வண்டியில் பூட்டலாமா என்று யோசிக்கத் தொடங்குகிறார். அம்முடிவுக்கு வருமுன் ஆராய வேண்டியவற்றை ஈண்டு எடுத்துரைப்போம்.

முதலாவதாகச் சோதிக்க வேண்டியது காளையையன்று, பசுவையே. பசு சினைப்பருவத்தில் இல்லாதபோது காளை விலகி நிற்பது அதன் குற்றமாகாது. நம் நாட்டுப் பசுக்களின் பருவம் பெரும்பாலும் அரைநாளுக்கு மேல் நீடிப்பதில்லை. இரவில் தோன்றி விடியுமுன் தணிந்துவிடுவதும் உண்டு. காலையில் கத்திய பசுவை, வயல்வேலை முடிந்து, மறுநாள் மாலையில் ஓட்டிவந்தால் காளை என்ன செய்யும்? கண்ணாடிபோல் தெளிந்த கோழை கயிறாகத் தொங்குதலும், மற்ற மாடுகள் மேலே தாவும்போது அசையாமல் நின்று இடங்கொடுத்தலுமே நம்பத்தக்க அடையாளங்கள். பருவமற்ற பசுவைக் கட்டிவைத்துக் காளையை ஏவினால், அது உதைபட்டு, பின்னர் நல்ல பருவத்தில் உள்ள பசுவையும் கண்டு அஞ்சும்.

இரண்டாவது, வயது. நாட்டு இனக் காளைகள் மெதுவாக முதிர்பவை. நான்கு பல் போடுமுன், அதாவது ஏறக்குறைய மூன்று வயதுக்கு முன், அவற்றைப் பொலிவேலைக்கு விடுதல் தகாது. தொடக்கத்தில் வாரம் ஒரு பசுவே போதும். அதுவும் கன்று ஈன்று பழகிய சாதுவான பசுவாக இருத்தல் வேண்டும். இளங்காளையை முதல்நாளே முரட்டுக் கிடேரியிடம் விட்டுக் கெடுத்தவர் பலர். முதிர்ந்த காளைக்கும் வாரத்துக்கு மூன்று பசுக்களுக்கு மேல் வேண்டாம். திருவிழாக் காலத்தில் ஊர்மாடெல்லாம் ஒரே நாளில் வருகிறதென்று காலையும் மாலையும் விட்டு ஓய்ந்துபோகச் செய்துவிட்டு, பிறகு காளை சோம்பேறி என்று சொல்வது நியாயமன்று.

அடுத்து உடலை நோக்குக. காளை தன் முழுப் பாரத்தையும் பின்னங்கால்களில் தாங்கித் தாவ வேண்டும். குளம்பு நீண்டு வளைந்திருந்தாலும், குளம்பிடையில் புண்ணிருந்தாலும், முழங்காலில் வீக்கமோ இடுப்பில் வலியோ இருந்தாலும் ஆசை இருந்தும் தாவாது. சமதரையில் நடக்கவிட்டுப் பின்னாலிருந்து பார்த்தால் நொண்டுதல் தெரியும். உறையின் வாயைக் கழுவிப் பார்க்க. அழற்சி, சீழ், முள் குத்திய காயம் எதுவாயினும் காளைக்கு வலி கொடுக்கும். கொரங்காட்டில் மேயும் காளைகளுக்குக் கிளுவை வேலியின் முள்ளும் வெள்வேல முள்ளும் இவ்விடத்தில் ஏறுவதுண்டு.

தீவனத்தில் இரு தவறுகள் நேர்கின்றன. ஒன்று பட்டினி, மற்றொன்று அன்பு மிகுதியால் பருத்திக்கொட்டையும் பிண்ணாக்கும் அளவின்றிக் கொடுத்துக் கொழுக்க வைத்தல். பின்னதே பெரிய மனிதர் வீட்டுக் காளைகளில் நாம் அதிகம் காண்பது. ஏறக்குறைய 500 கிலோ எடையுள்ள காளைக்கு நாளொன்றுக்கு இரண்டு முதல் மூன்று கிலோ அடர்தீவனம், 20 கிலோ பசுந்தீவனம், வயிறு நிரம்பச் சோளத்தட்டை, 50 கிராம் தாது உப்பு ஆகியன போதும். கோடையில் பசும்புல் அறவே இல்லாமற்போனால் வைட்டமின் 'ஏ' சத்துக் குறைந்து விந்து கெடும். அகத்திக்கீரை, சவுண்டல் தழை, குதிரைமசால் ஆகியவற்றுள் கிடைப்பதைச் சிறிதளவேனும் கொடுக்க வேண்டும். இரவும் பகலும் முளையிலேயே கட்டிவைக்காமல் தினமும் இரண்டு மூன்று கிலோமீட்டர் நடத்துக.

உடம்பில் குற்றமொன்றும் காணாவிடில், காளையின் மனத்தை ஆராய வேண்டும். மிருகத்துக்கு மனமா என்று சிரிப்பாரும் உளர். தாராபுரம் தாலுகாவில் நாம் கண்ட ஒரு காளை முதலாண்டு குறைவின்றி வேலை செய்தது. பிறகு பசுவைக் கண்டாலே பின்வாங்கியது. சொந்தக்காரர் லேகியங்களுக்கு நிரம்பச் செலவழித்தார். வியாபாரி வந்து விலைபேசி முன்பணமும் கொடுத்துவிட்டார். போய்ப் பார்த்தபோது, பசுவை நிறுத்தும் இடம் கருங்கல் பாவிய தளமாக இருந்தது. அருகில் தண்ணீர்த் தொட்டி, தளம் எப்போதும் ஈரம். மழைநாளில் ஒருமுறை அவ்விடத்தில் காளை வழுக்கி விழுந்ததென்றும், எழ மறுத்ததற்காகத் தடியால் அடிபட்டதென்றும் பண்ணையாள் தயங்கித் தயங்கிச் சொன்னான். வியாபாரியிடம் ஒரு மாதத் தவணை வாங்கினோம். மூன்று வாரம் பசுவின் வாடையே இல்லாமல் ஓய்வு கொடுத்து, அடித்த ஆளை விலக்கி வேறோர் ஆளைத் தீவனம் வைக்கச் செய்து, மரநிழலில் மணற்பாங்கான புதிய இடத்தில் விடியற்காலையில் பருவப் பசுவைக் காட்டினோம். முதல்நாள் நின்று பார்த்தது, மறுநாள் தாவியது. முன்பணம் திருப்பிக் கொடுக்கப்பட்டது.

இத்தகைய காளைகளுக்குக் கூட்டமும் கூச்சலும் ஆகா. சிறுவர்களை அப்புறப்படுத்துக. பழகிய பசுவில் நாட்டம் குறைந்த காளை புதுப் பசுவைக் கண்டு எழுச்சி கொள்வதுண்டு. இடத்தை மாற்றினும் பயன் தரும். வேறொரு காளை பசுவோடு சேர்வதைச் சற்றுத் தொலைவில் நின்று பார்க்கவிடுதலும், பசுவினருகே கொண்டுபோய் உடனே விடாமல் சில நிமிஷம் பிடித்து நிறுத்துதலும் பொலிகாளை நிலையங்களில் கையாளப்படும் முறைகளே. எருமைக்கிடாவாயின், கோடைப் பகலில் அதனிடம் வேலை எதிர்பார்ப்பது வீண். குளத்தில் புரளவிட்டு, அல்லது தண்ணீர் ஊற்றிக் குளிரச்செய்து, இரவின் பிற்பகுதியில் விடுக.

மருந்தைப்பற்றி ஒரு வார்த்தை. ஆண்மைச் சுரப்பு ஊசி போட்டால் காளை சுறுசுறுப்படையும் என்று சிலர் வற்புறுத்துகிறார்கள். வெளியிலிருந்து அச்சுரப்பு வந்ததும் உடல் தன் உற்பத்தியைச் சுருக்கிக்கொள்ளும். விதைகளில் விந்தணு உண்டாவது குறையும். காளை தாவும், பசு சினைபடாது. வைத்தியர் சோதித்துத் தேவையெனக் கண்டாலன்றி இதை நாடலாகாது.

தாவுகிற ஆர்வமும் சினைப்படுத்தும் திறமும் வெவ்வேறு என்பதை நம்மவர் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். மந்தமான காளையின் விந்து முதல்தரமாக இருக்கலாம். ஆர்வத்தோடு பாயும் காளையின் விந்தில் உயிரணுவே இல்லாதிருக்கலாம். ஊருக்கு அதனால் விளையும் நஷ்டமே பெரிது, ஏனெனில் அதை ஒருவரும் சந்தேகிப்பதில்லை. ஆகவே விதைகள் இரண்டும் ஒத்த அளவாய், கெட்டியாய், பைக்குள் தடையின்றி அசைகின்றனவா என்று தொட்டறிந்து, விந்தையும் இரத்தத்தையும் உறை கழுவிய நீரையும் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். கருச்சிதைவு நோயும், டிரைக்கோமோனாஸ் என்னும் கிருமியும் காளையின் உடலில் வெளிக்குறி காட்டாமலே தங்கியிருக்கக்கூடியவை.

ஒன்று கவனிக்க: காளையின் விதையில் ஒரு விந்தணு உருவாகிப் பக்குவமடைந்து வெளிவர ஏறக்குறைய 70 நாள் ஆகிறது. கடுங்காய்ச்சல் கண்ட காளையும், பட்டினியினின்று மீட்கப்பட்ட காளையும் அதுவரை சரியாகா. தீவனம் மாற்றிப் பத்துநாளில் பலன் இல்லையென்று கைவிடுதல் தவறு.

இவ்வளவும் செய்து, மூன்று நான்கு மாதம் பொறுத்தும் தேறாத காளை, குறிப்பாகத் தொடக்கமுதலே நாட்டமற்றிருந்த காளை, பிறவி மந்தமுடையதாகலாம். அக்குணம் கன்றுகளுக்கும் இறங்கக்கூடுமாதலால், எவ்வளவு உயர்ந்த ஜாதியாயினும் அதனைப் பொலிவேலையினின்று விலக்கிவிடுக. ஒரு விதை இறங்காத காளைக்கும் இவ்விதியே. கிராமப் பொதுக்காளையாயின், எந்தத் தேதியில் யாருடைய பசு வந்தது, 21 நாள் கழித்து மீண்டும் வந்ததா என்பதைக் கிராம அதிகாரிகள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்தால், அடுத்த முறை வைத்தியர் வரும்போது காளையை அவிழ்க்குமுன் அந்தப் புத்தகத்தைத்தான் கேட்பார்.