பவர் பட்டனை அழுத்தினால் வருவது விண்டோஸா, உபுண்டுவா?

ஒரே கணினியில் விண்டோஸும் உபுண்டுவும் வைத்திருப்பவர்களுக்குப் பழகிப்போன எரிச்சல் இது. விண்டோஸில் உள்ள டாலியில் கணக்குப் போட வேண்டும் என்று கணினியைப் போட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்பியிருப்போம். பார்த்தால் உபுண்டு வந்து நிற்கும். மறுபடி ரீஸ்டார்ட். ஒருமுறை அமைத்துவிட்டால் இந்தத் தொல்லை தீரும்.

இந்தத் தேர்வு இரண்டு கட்டமாக நடக்கிறது. மதர்போர்டில் உள்ள யூஇஎஃப்ஐ, எந்த பூட் மேனேஜரை அழைப்பது என்று முடிவு செய்கிறது. அந்த பூட் மேனேஜர்தான் எந்த ஓஎஸ்ஸைத் தொடங்குவது என்று முடிவு செய்கிறது. உபுண்டுவின் ‘கிரப்’ விண்டோஸையும் தொடங்கித் தரும். விண்டோஸின் பட்டியலிலோ உபுண்டு தானாக இடம்பெறாது. எனவே முதல் கட்டத்தில் உபுண்டுவை மேலே வையுங்கள்; எது தொடங்க வேண்டும் என்பதை கிரப்பில் சொல்லுங்கள்.

தொடங்கும் முன்

விண்டோஸில் டிஸ்க்கைக் குறியாக்கிப் பூட்டும் பிட்லாக்கர் இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியை வேறிடத்தில் எழுதி வைத்துக்கொள்வது கட்டாயம். பூட் அமைப்பை மாற்றியதும் விண்டோஸ் அதைக் கேட்கக்கூடும்.

1. யூஇஎஃப்ஐ வரிசை

கணினியைப் போட்டதும் எஃப்2 அல்லது டெலீட் விசையை விட்டு விட்டு அழுத்துங்கள். எந்த விசை என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ‘பூட்’ பகுதியில் ‘உபுண்டு’வை முதலிடத்துக்கு ஏற்றிச் சேமியுங்கள்.

2. பட்டியலைக் குறித்துக்கொள்ளுங்கள்

கிரப் மெனுவில் விண்டோஸ் எத்தனையாவது வரி என்று எண்ணுங்கள். எண்ணிக்கை 0-இல் தொடங்கும். மூன்றாவது வரி என்றால் அதன் எண் 2.

3. கோப்பைத் திறவுங்கள்

உபுண்டுவில் டெர்மினலைத் திறந்து, ‘சூடோ நானோ /ஈடிசி/டீஃபால்ட்/கிரப்’ என்பதை ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். ‘ஈடிசி’ என்பது ஈ, டி, சி என்ற மூன்று எழுத்துகள்.

4. வரியை மாற்றுங்கள்

‘கிரப்_டீஃபால்ட்=0’ என்ற வரி பெரிய எழுத்தில் இருக்கும். 0 என்றால் உபுண்டு. எப்போதும் விண்டோஸ் வேண்டுமானால் நீங்கள் குறித்த எண்ணைப் போடுங்கள். பட்டியலில் ஒரு வரி கூடினாலோ குறைந்தாலோ எண் பிசகிவிடும் என்பதால், விண்டோஸ் வரியின் முழுப்பெயரை அடைப்புக்குறி உட்பட அப்படியே இரட்டை மேற்கோளுக்குள் எழுதுவது இன்னும் உறுதியானது.

கடைசியாகப் பயன்படுத்தியதே மறுபடி வர வேண்டுமா? எண்ணுக்குப் பதில் ‘சேவ்ட்’ என்று போட்டு, அடுத்த வரியில் ‘கிரப்_சேவ்டீஃபால்ட்=ட்ரூ’ என்று சேருங்கள். வீட்டில் இருவர் மாறிமாறிப் பயன்படுத்தும் கணினிக்கு இது வசதி.

‘கிரப்_டைம்அவுட்’ வரியில் 5 என்று போட்டால் மெனு ஐந்து விநாடி காத்திருக்கும்.

5. சேமித்து நடைமுறைக்குக் கொண்டுவாருங்கள்

கன்ட்ரோல்-ஓ, என்டர், கன்ட்ரோல்-எக்ஸ். பிறகு ‘சூடோ அப்டேட்-கிரப்’. இதை விட்டுவிட்டால் மாற்றியது எதுவும் செல்லாது. ஓடும் வரிகளில் விண்டோஸ் பூட் மேனேஜரின் பெயர் தென்படுகிறதா என்று கவனியுங்கள்.

சிக்கல் வந்தால்

விண்டோஸின் பெயரே வரவில்லையா? 2021-இல் வந்த கிரப் 2.06, மற்ற ஓஎஸ்களைத் தேடுவதை இயல்பாக நிறுத்திவிட்டது. அதே கோப்பில் ‘கிரப்_டிசேபிள்_ஓஎஸ்_ப்ரோபர்=ஃபால்ஸ்’ என்று சேர்த்து, ஐந்தாம் படியை மறுபடி செய்யுங்கள்.

விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு கிரப் மெனு வராமல் நேரே விண்டோஸ் வந்தால் பதற வேண்டாம். பெரும்பாலும் யூஇஎஃப்ஐ வரிசைதான் மாறியிருக்கும். உபுண்டு டிஸ்க்கில் அப்படியே இருக்கும். முதல் படியே போதும்.

கிரப் வழியாகப் போகும்போதெல்லாம் பிட்லாக்கர் சாவி கேட்டால், விண்டோஸுக்கு மட்டும் யூஇஎஃப்ஐயின் ஒருமுறை பூட் மெனுவைப் பயன்படுத்துங்கள். பல லேப்டாப்களில் அது எஃப்12.

முடித்ததும் இருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஒருமுறை எதையும் தொடாமல் விட்டு, நினைத்தது வருகிறதா என்று பாருங்கள். மறுமுறை மெனுவில் மற்றதைத் தேர்ந்தெடுத்து, அதுவும் ஒழுங்காகத் திறக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். இரண்டும் சரியாக வந்தால்தான் வேலை முடிந்தது.