ஐப்பசி, கார்த்திகை: புல்லிலும் பிண்ணாக்கிலும் கவனம்

ஐப்பசி பிறந்துவிட்டது. பெங்களூரில் புரட்டாசி முழுக்கக் கொட்டிய மழையின் ஈரம் காய்வதற்குள் வடகிழக்குப் பருவமழை வந்து சேரும். ஆனேக்கல், சர்ஜாபுரம், ஹோஸ்கோட்டே பக்கம் கேழ்வரகு கதிர் பிடித்து நிற்கிறது. ஏரிக்கரைகளில் புல் மண்டிக் கிடக்கிறது. தீவனத்துக்குப் பஞ்சமே இல்லாத இந்த இரண்டு மாதத்தில்தான் மாடு வைத்திருப்பவர்கள் தீவனத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டும். புழு, பூஞ்சை நஞ்சு, சாக்கடை உலோகம் மூன்றும் மாட்டின் வாய் வழியே உள்ளே போகும் காலம் இது. புழுவுக்கு மருந்து உண்டு. பூஞ்சை நஞ்சு, கெட்ட தீவனத்தை நிறுத்தினால் சில நாளில் பாலை விட்டுப் போகும். உலோகத்துக்குச் சாக்கடை நீரில் வளர்ந்த புல்லை அறுக்காமல் இருப்பது ஒன்றே வழி.

எலஹங்காவில் தேசிய கால்நடை நோய்ப்பரவியல் மற்றும் நோய்த் தகவலியல் நிறுவனம் இருக்கிறது. எந்த மாவட்டத்தில் எந்த நோய் தலைகாட்டும் என்று இரண்டு மாதம் முன்னதாகவே மாதாமாதம் அறிக்கை விடுகிறார்கள். அதில் வரும் நோய்களில் நான்கு ஒட்டுண்ணியால் வருபவை: கல்லீரல் தட்டைப்புழு நோய், தைலேரியா, பபேசியா, டிரிபனோசோமா. உங்கள் கால்நடை மருந்தகத்துக்குப் போகும்போது இந்த மாத அறிக்கையில் நம் மாவட்டத்துக்கு என்ன சொல்லியிருக்கிறது என்று கேளுங்கள். கேட்பவர் குறைவு என்பது என் எண்ணம்.

புழு மருந்து வாங்குமுன்

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மருந்துக்கடையில் கைக்கு வந்த மாத்திரையை வாங்கி வெல்லத்தில் வைத்துக் கொடுப்பது பலருக்கும் பழக்கம். அதில் பாதிக் காசு வீண். ஏரிக்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் மேயும் மாட்டுக்கு இந்தப் பருவத்தில் வருவது பெரும்பாலும் தட்டைப்புழு. நத்தைக்குள் வளர்ந்து வெளியே வரும் அதன் குஞ்சுகள் தண்ணீரோரப் புல்லில் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். எல்லாரும் கொடுக்கும் அல்பெண்டசோல் முதிர்ந்த கல்லீரல் தட்டைப்புழுவை ஓரளவு கொல்லும், இளம் புழுவைத் தொடாது. இரைப்பையில் ஒட்டும் வகைக்கு ஆக்சிகுளோசனைடு போன்ற வேறு மருந்து வேண்டும். சினை பிடித்த தொடக்க மாதங்களில் அல்பெண்டசோல் கொடுக்கவே கூடாது. ஆகவே முதல் வேலை: காலையில் புதுச் சாணம் கொஞ்சம் எடுத்து, மூடியுள்ள டப்பாவில் போட்டு, அன்றைக்கே மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள்.

சாணத்தில் முட்டை இல்லை என்று முடிவு வந்தாலும் அசட்டையாக இருந்துவிட வேண்டாம். உள்ளே போன கல்லீரல் தட்டைப்புழு முட்டையிடும் பருவத்துக்கு வர மூன்று மாதத்துக்கு மேல் பிடிக்கும். அதுவரை ஈரலைத் தின்றுகொண்டிருக்கும் புழு சாணத்தில் தெரியாது. நாற்றமடிக்கும் தண்ணீர்க் கழிச்சல், தாடைக்கடியில் நீர் கோத்த வீக்கம், கண் இமையின் உட்புறம் வெளுப்பு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

ஆடு வைத்திருப்பவர்கள் இமையைத்தான் பார்க்க வேண்டும். ஆட்டின் நான்காம் இரைப்பையில் இரத்தம் உறிஞ்சும் புழு ஒன்று நாளொன்றுக்குச் சுமார் 0.05 மில்லி குடிக்கும். ஆயிரம் புழு சேர்ந்தால் 50 மில்லி. குட்டிக்கு அது உயிர்ப் பிரச்சினை. மந்தை முழுவதற்கும் ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்ததால் ஃபென்பெண்டசோலுக்குச் சாகாத புழுக்கள் தென்னிந்தியப் பண்ணைகளில் ஏற்கெனவே பெருகியிருக்கின்றன. இமை வெளுத்த ஆட்டுக்கு மட்டும் மருந்து கொடுங்கள். பனி இறங்கிக் காய்ந்த பிறகே மேய்ச்சலுக்கு விடுங்கள். ஈரம் இருக்கும்வரைதான் புழுக்குஞ்சு புல்நுனிக்கு ஏறி நிற்கும்.

உண்ணியைப் பற்றி இரண்டு வார்த்தை. அதன் முட்டையும் குஞ்சும் கொட்டில் சுவர் வெடிப்புகளில் இருப்பதால், மாட்டுக்கு மட்டும் மருந்தடித்தால் போதாது. வெடிப்புகளைப் பூசி அடையுங்கள். சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்றவை மீனுக்குக் கொடிய விஷம். மருந்தடித்த மாட்டை ஏரியிலோ குளத்திலோ கழுவாதீர்கள். கலப்பின மாட்டுக்குக் கடும் காய்ச்சலும் தோள்பட்டைக்கு முன்னால் கட்டியும் இருந்தால் உண்ணி பரப்பும் தைலேரியாவாக இருக்கலாம். மூத்திரம் காப்பி நிறத்தில் போனால் பபேசியா. இரண்டிலும் ஒரு நாள் தாமதமும் ஆபத்து. காய்ச்சலுக்கென்று கடையில் வலி ஊசி வாங்கிப் போடாதீர்கள். டைக்ளோஃபெனாக் போட்ட மாட்டின் பிணத்தைத் தின்றுதான் இந்தியாவின் பிணந்தின்னிக் கழுகுகள் பெருமளவு அழிந்தன. 2006-இல் அது கால்நடைக்குத் தடை செய்யப்பட்டது. கழுகுகளுக்கென்றே ஒதுக்கப்பட்ட சரணாலயம் பக்கத்து ராமநகரத்தில்தான் இருக்கிறது.

பூஞ்சை பிடித்த பிண்ணாக்கும் தாளும்

1960-இல் இங்கிலாந்தில் லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. தேடிப்போனபோது பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் அகப்பட்டது அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு. 1974-இல் மேற்கு இந்தியாவில் பூஞ்சை பிடித்த மக்காச்சோளம் தின்று 106 பேர் இறந்தார்கள். கடலையும் மக்காச்சோளமும் பருத்திக்கொட்டையும் இன்றைக்கும் நம் மாட்டுத் தீவனத்தின் அடிப்படை.

மாடு தின்ற நஞ்சில் ஒரு பங்கு உருமாறி, ஒரே நாளில் பாலுக்கு வந்துவிடும். காய்ச்சினாலும் போகாது. தீவனத்துக்கு நம் நாட்டு வரம்பு கிலோவுக்கு 20 மைக்ரோகிராம், பாலுக்கு 0.5. ஒரு கணக்குப் போடுவோம். 10 லிட்டர் கறக்கும் மாடு, வரம்பிலேயே இருக்கும் அடர்தீவனம் 5 கிலோ தின்றால் உள்ளே போவது 100 மைக்ரோகிராம். அதில் நூற்றுக்கு இரண்டு பாலுக்கு வந்தால் லிட்டருக்கு 0.2. தப்பித்தோம். மழையில் மூட்டை நனைந்து நஞ்சு மூன்று மடங்கானால் லிட்டருக்கு 0.6. வரம்பு தாண்டிவிட்டது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் நாடு முழுக்க எடுத்த 6,432 பால் மாதிரிகளில் 368 வரம்பைத் தாண்டின. அவற்றில் தமிழ்நாட்டின் பங்கு 88. தண்ணீர் கலந்த பாலைப் பற்றி நாம் போடும் சண்டையில் கால்வாசியாவது இதற்குப் போட்டிருக்கலாம்.

இப்போதே செய்ய வேண்டியவை: மூட்டைகளைத் தரையில் அடுக்காமல் மரப்பலகைமேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்குங்கள். இரண்டு மாதத்துக்குச் சேர்த்து வாங்கும் வழக்கத்தை மார்கழிவரை தள்ளிவைத்து, பத்துப் பதினைந்து நாளுக்கு மட்டும் வாங்குங்கள். கட்டி தட்டிய, பச்சை பூத்த, புழுங்கல் வாடை அடிக்கும் பிண்ணாக்கை உதறிவிட்டோ கழுவியோ கொடுப்பதில் பயனில்லை. பூஞ்சை உதிரும், நஞ்சு தங்கும். கோழிக்கும் போடாதீர்கள், கோழிக்கு அது இன்னும் மோசம். மதுபான ஆலையிலிருந்து வரும் ஈரக் கசடு வாங்குபவர்கள் அன்றைக்கு வந்ததை அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். கேழ்வரகு அறுப்பவர்கள் தாள் சலசலவென்று காயும்வரை போர் போட வேண்டாம். புயல் மழை என்று வானிலை அறிவிப்பு வந்தால் அறுப்பையே தள்ளிப்போடுவது நல்லது. போருக்குள் கைவிட்டுப் பாருங்கள். சூடு தெரிந்தால் அன்றே பிரித்து உலர்த்துங்கள்.

எந்தத் தீவனத்தை எவ்வளவு கொடுப்பது என்ற சந்தேகம் உள்ளவர்களுக்கு ஆடுகோடியில் 1995 முதல் இயங்கும் தேசிய கால்நடை ஊட்டச்சத்து மற்றும் உடலியல் நிறுவனம் இருக்கிறது. இந்த மண்ணில் எந்தத் தாது குறைவு என்று பார்த்துத் தாதுக்கலவை வகுத்தவர்கள் அவர்கள்.

ஏரிப் புல்

இது கொஞ்சம் கசப்பான விஷயம். நகரத்துக்குள் மாடு வைத்திருப்பவருக்கு நிலம் கிடையாது. ஏரிப் புல் இலவசம், வருஷம் முழுக்கப் பச்சை. ஆனால் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளிலும் விருஷபாவதி ஆற்றோரத்திலும் அந்தப் பச்சைக்கு உரம் இந்த நகரத்தின் சாக்கடை. பெல்லந்தூர் ஏரி நுரை பொங்கி, தீயும் பிடித்ததை உலகமே பார்த்தது. 2018 ஜனவரியில் அதை அணைக்க ராணுவ வீரர்கள் ஆயிரக்கணக்கில் இறங்கினார்கள். தொழிற்சாலைக் கழிவு கலந்த தண்ணீரில் வளரும் புல் காட்மியம், ஈயம் போன்றவற்றை உறிஞ்சிக்கொள்ளும். மாட்டின் ஈரலிலும் சிறுநீரகத்திலும் அவை வருஷக்கணக்கில் சேரும். புல்லைக் கழுவினால் சேறு போகும், உள்ளே ஏறியது போகாது. மாடு வைத்திருப்பவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. சாக்கடையை ஏரிக்கு விட்டவர் அவரல்ல.

அறவே நிறுத்த முடியாதவர்கள் சாக்கடை வாய் பக்கமும் தொழிற்பேட்டை ஓடைப் பக்கமும் அறுக்காதீர்கள். தண்ணீரில் நிற்கும் புல்லை விட்டுவிட்டுக் கரைமேட்டுப் புல்லை, வேரும் சேறும் வராமல் ஒரு சாண் விட்டு அறுங்கள். தட்டைப்புழுக் குஞ்சும் இதனால் குறையும். கன்றுக்கும் சினைமாட்டுக்கும் ஏரிப் புல் வேண்டாம். இப்போது கேழ்வரகுத் தாள் மலிவாக வரும். நன்கு காய்ந்ததாகப் பார்த்து வாங்கி, ஏரிப் புல்லின் பங்கைப் பாதிக்குக் கீழே கொண்டுவாருங்கள்.

மாடு படுத்துவிட்டால் 1962-ஐ அழையுங்கள். கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் அதே எண்தான். டாக்டர் வந்ததும் புல் எந்த ஏரியில் அறுத்தது, பிண்ணாக்கு எப்போது வாங்கியது, கடைசியாகக் கொடுத்த புழு மருந்து எது என்ற மூன்றையும் கேட்காமலே சொல்லிவிடுங்கள். தீவன மூட்டையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அதிலிருந்து ஒரு பிடி பரிசோதனைக்குத் தேவைப்படும்.