பழைய வணிகக் கட்டடத்தின் மேல் புதிய மாடி

கேள்வி: பழமையான வணிகக் கட்டடத்தின் மேல் மாடி எழுப்பும்போது அதே பாணியில் கட்டுவதுதானே முறை?

பதில்: அமெரிக்க உள்துறையின் புனரமைப்பு நெறிகள் அவ்வாறு கருதுவதில்லை. சேர்க்கை பழைய பகுதியிலிருந்து வேறுபட்டுத் தெரிய வேண்டும், ஆயினும் பருமனிலும் அளவிலும் அதனோடு இணங்க வேண்டும், பிற்காலத்தில் அகற்றப்பட்டாலும் மூலக் கட்டடத்தின் வடிவம் சிதையக்கூடாது என்பதே அவற்றின் சாரம். அச்சு அசலாகக் கட்டினால் எது எக்காலத்தது என்பது புலப்படாது. ஆகவே கூரைமேல் எழும் சேர்க்கையைப் பெரும்பாலும் ஒரே மாடிக்குள் அடக்கி, தெருமுகப்பிலிருந்து குறைந்தது ஒரு கட்டு, அதாவது இரு தூண்களுக்கு இடைப்பட்ட அகலம், உள்வாங்கி அமைப்பர். எதிர்ச்சாரியில் நிற்பவருக்கு முகப்பின் மேல்விளிம்புப் பிதுக்கத்துக்கு அப்பால் வானம் மட்டுமே தெரியும்.

நியூயார்க்கின் ஹர்ஸ்ட் கோபுரம் இதற்கு நேர்மாறு: 1928இல் எழுந்த ஆறு மாடிக் கட்டடத்தின் உட்பகுதி நீக்கப்பட்டு, கல்முகப்பு மட்டும் நிறுத்தப்பட்டு, நார்மன் ஃபாஸ்டர் வடிவமைத்த 46 மாடிக் கோபுரம் முக்கோண எஃகுச் சட்டங்களோடு 2006இல் நிறைவுற்றது. முதற்கட்டடமே மேலே ஒரு கோபுரத்தைத் தாங்கத் திட்டமிடப்பட்டதுதான் என்றாலும், உள்ளீடற்ற முகப்பைக் காத்ததைப் பாதுகாப்புக் கணக்கில் சேர்ப்பது கடினம். எனினும் பழையதும் புதியதும் முட்டிக்கொள்ளாதவாறு இடையே விடப்பட்ட கண்ணாடிக் கூரை நேர்த்தியானது. உயர்ந்த முன்கூடத்துக்கு அதன் வழியாகவே வெளிச்சம் இறங்குகிறது.