ஊதுகுழலும் உலைக்களமும்

இத்தாலியின் வெனிஸ் நகரை அடுத்துள்ள முரானோ, கண்ணாடிக் கலைக்குப் பெயர்பெற்ற தீவு ஆகும். உலைத்தீயால் நகருக்கு ஊறு நேரும் என்று அஞ்சிய வெனிஸ் அரசு, 1291ஆம் ஆண்டில் கண்ணாடி உலைகளை நகரிலிருந்து அகற்ற ஆணையிட்டது. அவை முரானோவில் நிலைகொண்டன. தொழில் மறை வெளியே பரவாதிருக்க, கைவினைஞர்கள் இசைவின்றி நாட்டைவிட்டு நீங்குவதும் தடுக்கப்பட்டது. 15ஆம் நூற்றாண்டில் அங்கு உருவான நிறமற்ற தெளிந்த கண்ணாடியை ஐரோப்பிய அரண்மனைகள் விரும்பி வாங்கின.

அன்று மறைக்கப்பட்ட அக்கலையை இன்று பார்வையாளர் நேரில் காணலாம். மணலும் சோடாவும் சுண்ணாம்பும் 1000 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் உருகிக் குழம்பாகின்றன. உதவியாளர் நீண்ட இரும்புக் குழலின் நுனியை உலைக்குள் விட்டுச் சுழற்ற, குழம்பு தேன்போல் அதில் திரள்கிறது. தலைமைக் கைவினைஞர் குழலின் மறுமுனையில் வாய்வைத்து மெல்ல ஊதுகிறார். செந்தழல் நிறத் திரளுக்குள் காற்றுக் குமிழி விரிகிறது.

பின்னர் அவர் பணிமேடையில் அமர்ந்து, ஒரு கையால் குழலை உருட்டியவாறே மறுகையில் உள்ள இடுக்கியால் கழுத்தையும் விளிம்பையும் அமைக்கிறார். சுழற்சி நின்றால் குழம்பு ஒருபுறம் சரிந்துவிடும். செந்நிறம் மங்கினால் கண்ணாடி இறுகத் தொடங்கிவிட்டது என்று பொருள். உடனே அதை உலைவாயில் காட்டி மீண்டும் இளக்குவார். எவ்வளவு ஊதுவது, எப்போது நிறுத்துவது என்பதை அளக்கக் கருவி இல்லை. கண்ணும் கையும் மூச்சுமே அளவுகோல்கள். சில நிமிடங்களில் பூச்சாடி உருப்பெறுகிறது. அதைத் திறந்த வெளியில் வைத்தால் வெளிப்புறம் விரைவாகவும் உட்புறம் மெதுவாகவும் குளிர்ந்து விரிசல் விழும். எனவே, அது வெப்ப அறையில் பல மணிநேரம் சிறிதுசிறிதாக ஆறவிடப்படுகிறது.

காண்போர் பார்ப்பது சில நிமிடங்கள். அதன் பின்னே நிற்பது பல்லாண்டுப் பயிற்சி. முதலில் உதவியாளராக நின்று, பார்த்தும் செய்தும் உடைத்துமே ஒருவர் தேர்ச்சி பெறுகிறார். இரவும் பகலும் அணையாது எரியவேண்டிய உலைகள், 2022ஆம் ஆண்டு எரிவாயு விலையேற்றத்தால் பல பட்டறைகளில் அணைக்கப்பட்டன. கற்க முன்வரும் இளைஞரும் குறைந்துவருகின்றனர். அணைந்த உலையை மீண்டும் மூட்டிவிடலாம். கையோடு கையாக வந்த பயிற்சி ஒரு தலைமுறையில் அறுந்துவிட்டால், அதை ஏட்டைக் கொண்டு மட்டும் மீட்க இயலாது. கலையைக் காக்க ஒருகாலத்தில் கதவை அடைத்த தீவு, இன்று அதே நோக்கத்திற்காகக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது.