மூன்று சோதனைகள், ஒரே குதிரை

குதிரையேற்ற விளையாட்டுகளுள் மிகக் கடினமானது ‘ஈவெண்டிங்’ எனப் பலரும் கருதுகின்றனர். வீரர் ஒருவர், ஒரே குதிரையுடன் மூன்று சோதனைகளைக் கடக்க வேண்டும். முதலில், வீரரின் நுண்ணிய சைகைகளுக்குக் கட்டுப்பட்டுக் குதிரை நடனம்போல் அடியெடுத்து வைக்கும். அடுத்து, திறந்தவெளியில் மரக்கட்டைகளையும் பள்ளங்களையும் நீர்நிலைகளையும் தாண்டிப் பாயும். இறுதியில், அந்தக் களைப்போடு, லேசாக இடித்தாலே விழுந்துவிடும் கம்பங்களைத் தாண்ட வேண்டும். ஒரு கம்பம் விழுந்தால் 4 தண்டப்புள்ளிகள். மிகக் குறைந்த தண்டப்புள்ளிகளைப் பெறுபவரே வெற்றியாளர். ஆண்களும் பெண்களும் ஒன்றாகவே போட்டியிடுவர்.

பிரான்சின் ஆஞ்சே நகரில் 1980இல் பிறந்த நிக்கோலா டூசேன் குதிரைகளோடு வளர்ந்தவர். அவருடைய தந்தையும் குதிரையேற்ற வீரர். இருபது வயதிலேயே அவர் சிட்னி ஒலிம்பிக்கில் களமிறங்கினார். 2003இல், ‘கலான்’ என்ற குதிரையுடன் ஐரோப்பிய வெற்றியாளர் ஆனார்.

அடுத்த ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக். இரண்டு சோதனைகள் முடிந்தபோது தனிநபர் பிரிவில் டூசேன்தான் முதலிடத்தில் இருந்தார். ஆனால், கடைசிச் சோதனையில் கலான் தட்டிய கம்பங்கள் அடுத்தடுத்து விழுந்தன. கைக்கெட்டிய பதக்கம் நழுவியது. அணிப் பிரிவிலோ ஜெர்மனி முதலிடம் என முதலில் அறிவிக்கப்பட்டது. ஜெர்மானிய வீராங்கனை ஒருவர் தொடக்கக் கோட்டை இருமுறை கடந்ததால் எழுந்த வழக்கு, விளையாட்டு நடுவர் மன்றம்வரை சென்றது. தீர்ப்பு வந்தபோது தங்கம் பிரான்சுக்கு. தனிநபர் பதக்கத்தை இழந்த டூசேன், இவ்வாறு அணியினருடன் ஒலிம்பிக் தங்கம் வென்றவரானார்.

கம்பங்களைத் தட்டிய அதே கலானோடு, 2007இல் அவர் மீண்டும் ஐரோப்பிய வெற்றியாளர் ஆனார். மறு ஆண்டு, இங்கிலாந்தின் பேட்மிண்டன் மாளிகை வளாகத்தில் நடைபெறும் புகழ்பெற்ற போட்டியிலும் வாகை சூடினார். 1949இல் தொடங்கிய அப்போட்டியில் வென்ற முதல் பிரெஞ்சு வீரர் அவரே. (நாம் விளையாடும் பூப்பந்துக்கு ஆங்கிலத்தில் பெயர் தந்ததும் அம்மாளிகைதான்!)

அதன்பின் ஒலிம்பிக் பதக்கம் எளிதில் கிட்டவில்லை. 2016இல் ரியோவில் பிரான்ஸ் மீண்டும் அணித் தங்கம் வென்றபோது, அந்த அணியில் டூசேன் இல்லை. குதிரையின் உச்ச ஆற்றல் சில ஆண்டுகளே நிலைக்கும். ஒரு குதிரை ஓய்வு பெற்றால், வீரர் இன்னொன்றைத் தொடக்கத்திலிருந்தே பழக்க வேண்டும். டூசேன் அதைத்தான் செய்தார். தோக்கியோவில் அணியினருடன் வெண்கலம் பெற்றார். ஏதென்சுக்குப்பின் 17 ஆண்டுகள் கடந்திருந்தன. கிருமித்தொற்றுக் காலமாதலால் அன்று கைதட்டப் பார்வையாளர்கள் இல்லை.

2024இல் நிலைமை நேர்மாறானது. பாரிஸ் ஒலிம்பிக்கின் குதிரையேற்றப் போட்டிகள் வெர்சாய் அரண்மனைப் பூங்காவில் நடைபெற்றன. சொந்த நாட்டு வீரர்களைக் காணப் பல்லாயிரம் பேர் திரண்டனர். அவ்வளவு ஆரவாரத்தில் குதிரை மிரளாமல் பார்த்துக்கொள்வதே பெரும்பாடு. 44 வயது டூசேன் ஏறிவந்த குதிரையின் பெயர் ‘டியாபொலோ மான்த்’. பிரெஞ்சுச் சிறுவர்கள் விரும்பிப் பருகும் புதினாப் பானத்தின் பெயர் அது! பிரான்ஸ் அணி அன்று வெள்ளி வென்றது. தங்கம், வெண்கலம், வெள்ளி என மூவகை ஒலிம்பிக் பதக்கங்களும் டூசேனிடம் சேர்ந்தன. முதல் பதக்கத்துக்கும் மூன்றாவதற்கும் இடையே 20 ஆண்டுகள். மூன்று பதக்கங்களுக்கும் மூன்று குதிரைகள்.