தொழில் முனைவு கற்பிக்கத்தக்கதோ?

தமிழ்ச் சிறப்பு வகுப்பில் இலக்கணமும் இலக்கியமும் பயிலும் உமக்குத் தொழில் முனைவுப் பாடம் எற்றுக்கு என்று நண்பர் பலர் எம்மை வினவினர். கல்லூரியார் விருப்பப் பாடங்களின் பட்டியலை வெளியிட்டபோது யாம் அதனைத் தேர்ந்தமைக்குக் காரணம் இரண்டு. ஒன்று, அதன் பெயர். மற்றொன்று, எம் சிறிய தந்தையார். பெயரைப் பற்றி முதற்கண் சில கூறி, அவரைப் பற்றிப் பின்னர்க் கூறுவாம்.

ஆராய்ச்சிப் பட்டம் பெற்றாரை முனைவர் என்கின்றோம். புதுத்தொழில் தொடங்குவாரைத் தொழில் முனைவோர் என்கின்றோம். இரண்டிற்கும் வேர் ஒன்றே. தொல்காப்பியர் மரபியலில் முதனூலைக் கண்டவனுக்கு முனைவன் என்னும் பெயரை வழங்குகின்றார். பிரெஞ்சு மொழியினின்று ஆங்கிலத்திற்குச் சென்று இன்று உலகெங்கும் வழங்கும் சொல்லுக்கோ, ஒரு காரியத்தைத் தன்மேல் ஏற்றுக்கொள்பவன் என்பதே பொருள். நம் சொல் முற்படுதலையும் அவர் சொல் பொறுப்பேற்றலையும் காட்டும் இவ்வேறுபாடு எமக்கு இனிதாயிற்று. ஆயின் உடனே ஓர் ஐயமும் பிறந்தது. முன்னில்லாததைச் செய்ய முற்படுதலே முனைவாயின், அதற்குப் பாடநூல் யாங்ஙனம் அமையும்? பிறர் சொல்லிக்கொடுத்ததைச் செய்பவன் முனைவோன் ஆவனோ?

பொருளியலாருள் இவனை முதலில் நுணுகி ஆய்ந்தவர் ரிச்சர்டு கான்டில்லான் என்பவர். அயர்லாந்திற் பிறந்து பாரிசு நகரில் வங்கித்தொழில் நடத்திய இவர் 1734-இல் இறந்தார். இவர் எழுதிய நூல் 1755-இலேதான் அச்சேறியது. கொடுக்கும் விலை தெரிந்து வாங்கி, கிடைக்கும் விலை தெரியாது விற்பவனே முனைவோன் என்பது இவர் கொள்கை. குத்தகை உழவனை இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறுவர். நிலக்கிழாருக்கு அவன் கொடுக்கவேண்டியது உறுதி. மழையும் விளைவும் சந்தை விலையும் உறுதியல்ல. இவ்வாறு நோக்கின், விடியலிற் பூவை எடைக்கு வாங்கி, வாடுமுன் முழக்கணக்கில் விற்றாக வேண்டிய அம்மையாரும் முனைவோரே. இரவலரையும் கள்வரையுங்கூடக் கான்டில்லான் இவ்வினத்திற் சேர்த்துவிட்டமைதான் நகைப்பிற்குரியது.

ஆஸ்திரியப் பொருளியலாராகிய ஜோசப் ஷூம்பீட்டர் 1911-இல் வெளியிட்ட நூலில் வேறொரு வழி சென்றார். இடரைத் தாங்குவது முதலிட்டவன் செயல். புதுப் பண்டம், புது உற்பத்தி முறை, புதுச் சந்தை, மூலப்பொருளுக்குப் புது வாயில், தொழிலுக்குப் புது அமைப்பு என்னும் இவற்றுள் ஒன்றைக் கொணர்பவனே முனைவோன் என்றார். இத்துணை நுட்பமாக எழுதியவர் 1921-இல் வியன்னா நகரத்து வங்கி ஒன்றிற்குத் தலைவரானார். 1924-இல் பதவியும் கைப்பொருளும் ஒருங்கே போயின. கடனை அடைக்கப் பல்லாண்டு ஆயிற்று. பின்னர் 1932-இல் அமெரிக்கா சென்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்திற் பேராசிரியராய் அமர்ந்தார். யாப்பிலக்கணம் வல்லார் எல்லாரும் நல்ல கவி பாடுவதில்லை என்பதை எம் வகுப்பார் நன்கறிவர். ஆதலின் யாம் இதனைக் கேட்டு வியந்திலேம்.

அப்பல்கலைக்கழகத்தின் வணிகவியற் பள்ளியிலேதான் 1947-இல் மைல்ஸ் மேஸ் என்னும் ஆசிரியர் புதுத்தொழில்களை நடத்துமாறு பற்றிய பாடமொன்றைத் தொடங்கினார். 188 மாணவர் சேர்ந்தனர். இரண்டாம் உலகப்போர் முடிந்து, ஊர் திரும்பிய வீரர் பலர் கல்லூரிகளை நிறைத்த காலம் அது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இத்துறையின் பிறப்பு அதுவென்பர். இன்று உலகின் பல நாடுகளில் இது பாடமாயிற்று.

பயன் யாது? இங்கேதான் எமக்கு வியப்புக் காத்திருந்தது. நெதர்லாந்து நாட்டுத் தொழிற்கல்லூரி ஒன்றில் மாணவர் குழுக்களாகக் கூடிச் சிறு கம்பெனி தொடங்கி, பங்கு விற்று முதல் திரட்டி, பண்டம் செய்து விற்று, ஆண்டு முடிவில் கணக்கை முடிக்கும் பயிற்சி நடைபெற்றது. அதனை ஆராய்ந்தோர் 2010-இல் வெளியிட்ட முடிபு இது: பயிற்சியால் மாணவர் தம் திறமையைப் பற்றிக் கொண்டிருந்த மதிப்பு உயர்ந்ததாகத் தெரியவில்லை, தொழில் தொடங்கும் விருப்பமோ குறைந்தது. அவ்வாண்டிலேயே ஜெர்மனியின் மியூனிக் பல்கலைக்கழக மாணவரைப் பற்றி வெளிவந்த மற்றோர் ஆய்வும் விருப்பம் குறைந்ததென்றே கூறிற்று. ஆயினும் அங்கே திறமை பற்றிய மதிப்பு உயர்ந்திருந்தது.

விருப்பத்தை வளர்க்க வைத்த பாடம் விருப்பத்தைக் குறைத்ததாயின் அது தோல்வியன்றோ என்று யாம் வகுப்பில் வினவினோம். ஆசிரியர் விடை கூறாது மியூனிக் ஆய்வாளரின் விளக்கத்தைப் படிக்குமாறு பணித்தார். பாடத்திற்கு முன்னர், தாம் இதற்கு உரியரோ அல்லரோ என்பதை அறியாது பலர் இருப்பர். பாடம் அவர்க்கு ஒரு குறிப்பைத் தருகின்றது. அதுகொண்டு சிலர் உரியம் என்றும் சிலர் அல்லேம் என்றும் தெளிவர் என்பது அவர் கருத்து. சராசரி எண் குறைந்ததை மட்டும் நோக்குவோர்க்கு இத்தெளிவு புலப்படாது. மருத்துவக் கல்லூரி வாயிலிற் குருதியைக் கண்டு மயங்கித் திரும்பியவனால் நாட்டிற்கு நட்டம் உண்டோ?

எம் அனுபவமும் இதற்குச் சான்று. வகுப்புப் பயிற்சிக்காக யாம் ஐவர் ஒரு குழுவாயினேம். கிடைத்தற்கரிய பழைய உரைநூல்களின் பகுதிகளை எளிய குறிப்புடன் அச்சிட்டுத் தமிழ் மாணவர்க்கு விற்பது எம் திட்டம். முப்பதின்மரிடம் சென்று கேட்டோம். நல்ல முயற்சி என்று இருபத்தாறு பேர் புகழ்ந்தனர். இரண்டு நாள் நெஞ்சு நிமிர்ந்து திரிந்தோம். பின்னர் ஆசிரியர், “புகழ்ந்தவரிடம் ஐம்பது ரூபாய் முன்பணம் கேட்டு வாருங்கள்” என்றார். நால்வர் கொடுத்தனர்; அவருள் ஒருவர் எம் அறைத்தோழர். அந்நால்வருக்கும் பணத்தைத் திருப்பியளித்தோம். ஈராயிரம் படிகள் அச்சிட்டு விடுதிக் கட்டிலின் கீழ் அடுக்கியிருந்தால் தெரிந்திருக்கக்கூடியதை, ஒரு மாலைப்பொழுதின் நாணத்தை விலையாகக் கொடுத்து அறிந்தோம்.

கற்பிக்கும் பொருளைப் பொறுத்தும் பயன் வேறுபடும். ஆப்பிரிக்காவின் டோகோ நாட்டில் 1,500 சிறுதொழிலாளரை மூன்று பிரிவாக்கினர். ஒரு பிரிவினர்க்குக் கணக்கு, சந்தை முதலிய வழக்கமான வணிகப் பாடங்களைக் கற்பித்தனர். மற்றொரு பிரிவினர்க்கு, பிறர் ஏவாமல் தாமே தொடங்குதல், வருவதை முன்னோக்குதல், தடை வந்துழித் தளராமை என்னும் மனப்பழக்கங்களைக் கற்பித்தனர். மூன்றாம் பிரிவினர்க்குப் பயிற்சியில்லை. 2017-இல் வெளியான முடிபின்படி, மனப்பழக்கம் கற்றோர் இலாபம் பயிற்சியில்லாதாரினும் நூற்றுக்கு 30 கூடிற்று. வணிகப் பாடம் கற்றோர்க்குக் கூடியது 11. அதுவும் உறுதியென்று கொள்ளத்தக்க அளவினதன்று. கணக்கு வேண்டா என்பது எம் கருத்தன்று. கணக்கு அறிந்தும் கெட்டவரை யாம் எம் வீட்டிலேயே கண்டுள்ளோம்.

எம் சிறிய தந்தையார் அச்சுத்தொழிலில் இருபதாண்டு பழகியவர். தாளைத் தொட்டே அதன் எடையைக் கூறுவார். யாம் சிறுவராயிருந்தபோது, இருந்த ஒரே வீட்டை அடமானம் வைத்து ஆப்செட் இயந்திரம் ஒன்று வாங்கித் தனியே அச்சகம் தொடங்கினார். கலியாண அழைப்பிதழ்கள் வந்தன. தேர்தற் காலத்திற் சுவரொட்டிகளும் வந்தன. வேலை வந்த அளவிற்குப் பணம் வரவில்லை. நிலுவைப் பேரேடு தடித்தது, வட்டி நிற்கவில்லை. மூன்றாம் ஆண்டின் இறுதியில் இயந்திரமும் வீடும் போயின. இன்று பிறர் அச்சகத்தில் மாதச் சம்பளத்திற்கு இருக்கின்றார். “தொழில்” என்னும் சொல் அதன்பின் எம் வீட்டு உணவு வேளையிற் பேசப்படுவதில்லை.

வகுப்பில் சரஸ் சரஸ்வதி என்னும் பேராசிரியரின் ஆய்வைப் படித்தபோது யாம் அவரையே நினைத்திருந்தோம். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஹெர்பர்ட் சைமனிடம் பயின்ற இவ்வம்மையார், பழுத்த முனைவோர் 27 பேரிடம் கற்பனைப் பண்டம் ஒன்றைப் பற்றிய சிக்கல்களைக் கொடுத்து, அவற்றைத் தீர்க்கும்போது மனத்தில் எழுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லச் செய்து பதிந்தார். 2001-இல் இவர் எழுதிய கட்டுரை இத்துறையிற் பெரிதும் பேசப்படுவது. எவ்வளவு வரும் என்று கணக்கிட்டு அதற்கேற்ப முதல் தேடுவது நூலோர் முறை. பழகியவரோ, எவ்வளவு போனால் தாங்குவேன் என்று முதலிற் கேட்டு, அவ்வெல்லைக்குள் தொடங்குகின்றனர். கையிலுள்ளதையும் அறிந்தவரையும் கொண்டு அடியெடுத்து வைக்கின்றனர். வரக்கூடிய இலாபத்தைக் காட்டி முதலுக்கே கேடு சூழும் செயலில் இறங்கலாகாது என்று திருவள்ளுவர் தெரிந்துசெயல்வகையில் விலக்கியிருத்தலை எம் தமிழாசிரியர் நினைவூட்டினார். அவ்வதிகாரத்தை யாம் தேர்விற்காக இருமுறை படித்திருந்தோம். ஒரு முறையேனும் அச்சகத்தை நினைத்திலேம்.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஊர் சென்றபோது, நெடுநாள் தயங்கிய பின் சிறிய தந்தையாரிடம் இதனைக் கூறினோம். இத்தகைய பாடத்தைப் படித்திருந்தால் அச்சகத்தை விட்டிருப்பீர்களா என்றும் கேட்டோம். அவர் சினப்பார் என்றே அஞ்சினோம். அவரோ எம் குறிப்பேட்டை வாங்கி, வெற்றுத்தாள் ஒன்றிற் கணக்கெழுதத் தொடங்கினார். ஆர்டர்களை முதலிற் பிடித்து, கூலிக்குப் பிறர் இயந்திரத்தில் அடித்துக் கொடுத்திருந்தால் ஓராண்டிற்கு எவ்வளவு நின்றிருக்கும் என்பது அக்கணக்கு. பாதி முன்பணம் கேட்டிருந்தால் எத்தனை பேர் போயிருப்பர், எத்தனை பேர் நின்றிருப்பர் என்று பெயர் பெயராக எழுதினார். இத்தனை ஆண்டு சென்றும் ஒரு பெயரும் அவருக்கு மறந்திலது. எழுதி முடித்து, எழுதுகோலை மூடிவிட்டுச் சொன்னார்:

“அச்சகம் வைக்காமல் இருந்திருக்க மாட்டேன், தம்பி. வீட்டுப் பத்திரத்தைத் தொட்டிருக்க மாட்டேன்.”

அத்தாளை அவர் எமக்குத் திருப்பித் தரவில்லை. நான்காய் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.